சின்ன டிஜிட்டல் ஏஜென்சியின் சமூக, சுற்றுச்சூழல் தாக்கத்தை அளப்பது எப்படி?

கத்திப்பாரா · செவ்வாய், காலை 10:40

வணக்கம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். முப்பத்தைந்து பேர் இருக்கிறோம். வெப்சைட், ஆப் டிசைன், சோஷியல் மீடியா, கொஞ்சம் ஆன்லைன் விளம்பரம். ஜெர்மனியில் இருக்கும் கிளையண்ட் ஒருவர் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கும் முன் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். கார்பன் உமிழ்வு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, பழைய கம்ப்யூட்டரை என்ன செய்கிறீர்கள், ஆண் பெண் சம்பள இடைவெளி என்ன, சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள் என்று நாலு பக்கம்.

எம்.டி. அதைப் பார்த்துவிட்டு, "நாம என்ன ஃபேக்டரியா நடத்துறோம்? புகைபோக்கி இருக்கா? ஜீரோன்னு போட்டு அனுப்பிடுங்க" என்கிறார்.

ஜீரோ போட எனக்கு மனசு வரவில்லை. கன்சல்டன்ட் வைக்க பட்ஜெட்டும் இல்லை. கையில் இருக்கும் பில்களை வைத்து யோக்கியமான ஒரு கணக்கு போட முடியுமா? வாடகைக் கட்டடம், மூன்றாவது மாடி. எங்கள் மாடிக்குத் தனி ஈபி மீட்டர் உண்டு. ஜெனரேட்டரும் தண்ணீர் லாரியும் மொத்தக் கட்டடத்துக்கும் பொது.

சும்மா_இருந்தவன் · செவ்வாய், காலை 10:58

நாலு மரக்கன்று வாங்கி, மொத்த டீமும் மண்வெட்டியோடு நின்று போட்டோ எடுத்து அனுப்புங்கள். கன்று பிழைக்கிறதா என்று ஜெர்மனியிலிருந்து யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

அடையாறு ஆலமரம் · செவ்வாய், காலை 11:35

மேலே சொன்னதை எத்தனை பேர் நிஜமாகவே செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் சிரிப்பு வரவில்லை.

கத்திப்பாரா, தாராளமாக முடியும். கார்பன் கணக்கில் உலகம் முழுக்கப் பயன்படுவது ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற பசுமைக்குடில் வாயுக் கணக்கு முறை. 2001-இல் முதல் பதிப்பு வந்தது. அதில் மூன்று பிரிவு. நீங்களே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1. காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கும் பொருள், ஊழியர் வந்துபோவது, விமானம், கிளவுட் சர்வர், குப்பை, நீங்கள் விற்றது வெளியே போய் என்ன செய்கிறது என்பதெல்லாம் ஸ்கோப் 3. அதில் 15 வகை இருக்கிறது. பயப்பட வேண்டாம், உங்களுக்குப் பொருந்துவது ஐந்தாறுதான்.

முதலில் ஈபி பில். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்துக்கு ஆறு பில். யூனிட்டைக் கூட்டுங்கள். மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று வெளியிடுகிறது. சமீபப் பதிப்புகளில் அது 0.72 கிலோவை ஒட்டி இருக்கிறது. மாதம் 3,000 யூனிட் ஓடும் ஆபீஸ் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 26 டன். புகைபோக்கி இல்லாத ஆபீஸ்தான்.

அப்புறம் ஜெனரேட்டர். கட்டட மேனேஜரிடம் டீசல் லாக் இருக்கும். மொத்த டீசலில் உங்கள் சதுர அடிப் பங்கை எடுத்து லிட்டருக்கு 2.68 கிலோ போடுங்கள். இது பெரும்பாலும் சின்னத் தொகையாகத்தான் வரும்.

பலர் கோட்டை விடுவது ஏசி கேஸில். உங்கள் ஸ்ப்ளிட் ஏசிகளுக்குக் கேஸ் நிரப்பிய பில்லை எடுங்கள். ஆர்-410ஏ என்றால் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஒரு கிலோ கேஸ் கசிந்து போயிருந்தால் ஏறக்குறைய இரண்டு டன், அதாவது எழுநூறு லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். ஆர்-32 ஆக இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான். எந்தக் கேஸ் என்று வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். வருஷா வருஷம் ஏப்ரலில் ஏசிக்காரர் வந்து "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று அடித்துவிட்டுப் போகிறார் என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதை அடைத்தாலே ஸ்கோப் 1 பாதியாகிவிடும்.

தாம்பரம் ஃபாஸ்ட் · செவ்வாய், மதியம் 12:20

ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் காற்றாலை ஏகப்பட்டது இருக்கிறதே. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள், சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் ஏன் பீகார், ஜார்க்கண்ட் நிலக்கரியின் கணக்கைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? குறைவான எண்ணைப் போடக் கூடாதா?

அடையாறு ஆலமரம் · செவ்வாய், மதியம் 12:44

கூடாது. 2013 டிசம்பர் கடைசி நாளில் தென் மண்டல கிரிட் (மின் கட்டமைப்பு) மற்ற மண்டலங்களோடு ஒத்திசைந்து இணைந்தது. அன்று முதல் நாடு முழுக்க ஒரே கிரிட். அதனால்தான் ஆணையமும் ஒரே எண்ணைத் தருகிறது. காற்றாலை நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தமோ பச்சை மின்சாரக் கட்டணமோ இருந்தால் அதைத் தனி வரியில் காட்டலாம். புரோட்டோகாலின் 2015 வழிகாட்டியே இரண்டு எண்ணையும் போடச் சொல்கிறது, ஒன்று கிரிட் சராசரி, இன்னொன்று ஒப்பந்தப்படி. ஒப்பந்தம் இல்லாதவர் காற்றைச் சொந்தம் கொண்டாட முடியாது.

தாம்பரம் ஃபாஸ்ட் · செவ்வாய், மதியம் 12:51

சரி சரி. அப்போ ஒர்க் ஃப்ரம் ஹோம் கொடுத்தால் குறையும்தானே?

அடையாறு ஆலமரம் · செவ்வாய், மதியம் 1:15

அதைத்தான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். சென்னையில் கணக்கு போட்டுப் பாருங்கள். வேளச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் போக வர 20 கிலோமீட்டர் என்றால் அரை லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் சுமார் ஒரு கிலோ வரும். அதே ஆள் மே மாதத்தில் வீட்டில் தனியாக ஒன்றரை டன் ஏசியை எட்டு மணி நேரம் ஓட்டினால் ஆறு யூனிட்டாவது போகும். நாலு கிலோவுக்கு மேல். நீங்கள் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர் என்றால் வித்தியாசம் இன்னும் அதிகம். காரில் தனியாக வருகிறவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு கொஞ்சம் சமமாக வரும்.

ஆபீஸ் ஏசி எப்படியும் ஓடத்தானே செய்கிறது என்பது வேறு விஷயம். பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் ஆபீஸில், இரண்டு இடத்திலும் ஏசி என்பதுதான் இருப்பதிலேயே மோசம். வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு நல்ல காரணங்கள் வேறு நிறைய இருக்கின்றன, அதற்குக் கார்பனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

எண்ணூர்க்காரி · செவ்வாய், மாலை 6:30

வேலை முடிந்து இப்போதுதான் படிக்கிறேன். டன் கணக்கெல்லாம் சரி, ஆனால் ஒரு டன் எங்கே விழுகிறது என்று எந்தப் படிவத்திலும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கிண்டியில் ஏசி போடும் கரண்டில் ஒரு பங்கு எங்கள் பக்கத்து அனல் மின் நிலையங்களில் எரிகிற நிலக்கரி. சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து, கழிமுகத்தில் இறால் பிடித்தவர்கள் தொழிலை விட்டுவிட்டார்கள். ஈரத் துணியைக் கொடியில் போட்டால் சாம்பலோடு எடுக்கிற வீடுகள் இருக்கின்றன. கார்பன் காற்றில் கலந்து உலகத்துக்கே பொதுவாகிவிடும். சாம்பல் பொதுவாகாது, பக்கத்தில் இருக்கிறவர் வீட்டுக்கு வரும்.

தண்ணீரும் அப்படித்தான். 2019 ஜூனில் ஓ.எம்.ஆர். கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும். அப்போதும் லாரி ஓடியது. புறநகர் கிராமத்துக் கிணற்றிலிருந்து உறிஞ்சித்தான் ஓடியது. எத்தனை லிட்டர் என்று எழுதும்போது எந்த ஊர்த் தண்ணீர் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

கத்திப்பாரா · செவ்வாய், இரவு 8:05

நன்றி மேடம். வாட்ச்மேன் அண்ணனிடம் லாரி நோட்டு இருக்கிறது. 12,000 லிட்டர் லாரி என்று தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "டிரைவருக்குத்தான்மா தெரியும்" என்கிறார். டிரைவர் அடுத்து வரும்போது கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அடையாறு ஆலமரம் · செவ்வாய், இரவு 8:22

அருமை. சரிபார்க்க ஒரு அளவு: தேசியக் கட்டட விதித் தொகுப்பு அலுவலகத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்று வைக்கிறது. 35 பேருக்கு 1,575 லிட்டர். உங்கள் பங்கு அதைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கேயோ ஃப்ளஷ் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பிக்சல் பாண்டி · செவ்வாய், இரவு 9:40

நான் ஃப்ரன்ட் எண்ட் ஆள், தளத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குக் கோடு எழுதுகிறவன். ஆபீஸ் கரண்ட், தண்ணீர் எல்லாம் எந்த ஆபீஸுக்கும் பொது. ஏஜென்சிக்கென்று உள்ளது நாம் கட்டிக் கொடுக்கும் தளங்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

கிரீன் வெப் ஃபவுண்டேஷன் வைத்திருக்கும் கார்பன் கணக்கு லைப்ரரி இலவசம். அதில் சஸ்டைனபிள் வெப் டிசைன் மாடல் இருக்கிறது. ஒரு ஜிபி டேட்டா போனால் டேட்டா சென்டர், நெட்வொர்க், பார்க்கிறவர் போன் எல்லாம் சேர்த்து இத்தனை யூனிட் என்று கணக்கிடும். ஒரு பக்கம் 2 எம்பி, வருடம் ஒரு லட்சம் முறை பார்க்கிறார்கள் என்றால் 200 ஜிபி. மூன்றாம் பதிப்பு ஜிபிக்கு 0.81 யூனிட் என்றது. அதன்படி 162 யூனிட். 2024-இல் வந்த நான்காம் பதிப்பில் கருவித் தயாரிப்பையும் சேர்த்து 0.3 யூனிட்தான், அதாவது 60 யூனிட். நான் ஒரு வரி கோடு மாற்றவில்லை, உமிழ்வு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. இதை வைத்து "எங்கள் தளங்களின் கார்பனை 60 சதவீதம் குறைத்தோம்" என்று லிங்க்ட்இனில் போஸ்ட் போடுகிறவர்கள் வருவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

அதனால் என் கருத்து: தளங்களுக்குக் கார்பனைக் கிலோவில் எழுதாதீர்கள். பக்கத்தின் எடையை எழுதுங்கள். டெலிவரி செய்த ஒவ்வொரு தளத்துக்கும் முகப்புப் பக்கம் எத்தனை எம்பி, எத்தனை ரிக்வெஸ்ட் என்று பிரவுசரிலேயே பார்த்துவிடலாம். அந்த எண் எந்த மாடல் வந்தாலும் மாறாது, போன வருடத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். முகப்பில் வீடியோ ஓடவிட்டே தீருவேன் என்று அடம்பிடிக்கும் கிளையண்டிடம் காட்டவும் வசதி.

சும்மா_இருந்தவன் · செவ்வாய், இரவு 9:52

60 யூனிட்டா? எங்கள் ஆபீஸ் பேன்ட்ரி ஃப்ரிட்ஜ் இரண்டு மாதத்தில் தின்றுவிடும் கரண்ட் அது. இதற்கா பாண்டி இவ்வளவு எழுதினீர்கள்?

பிக்சல் பாண்டி · செவ்வாய், இரவு 10:10

ஒரு தளத்துக்கு அவ்வளவுதான். கரண்டுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. 2 எம்பி பக்கம் உங்கள் ஃபைபர் கனெக்‌ஷனில் கண் சிமிட்டும் நேரத்தில் வரும். திருத்தணி பஸ்ஸில் பழைய ஆண்ட்ராய்டு போனோடு உட்கார்ந்திருப்பவருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் போனைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்க வைப்பதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. போன், லேப்டாப் இரண்டிலும் கார்பனில் பெரும்பகுதி தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது, தயாரிப்பாளர்களின் அறிக்கைகளே அப்படித்தான் சொல்கின்றன. பழைய கருவி கூட ஒரு வருடம் ஓடினால் அதுதான் லாபம்.

செவி வழி · புதன், காலை 7:15

பாண்டி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எனக்குப் பார்வை இல்லை, ஸ்க்ரீன் ரீடரில்தான் இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சென்னை ஏஜென்சிகள் செய்யும் தமிழ்த் தளங்களில் எனக்குத் தினமும் நடப்பது இது: பக்கம் திறக்கும், "படம்", "படம்", "பேனர் ஃபைனல் டூ" என்று வாசிக்கும், அவ்வளவுதான். சலுகை என்ன, கடைசித் தேதி என்ன, எல்லாம் படத்துக்குள் எழுத்தாக இருக்கிறது. என் கருவிக்கு அது வெறும் படம்.

காரணம் என்னவென்று ஒரு டிசைனர் நண்பர் சொன்னார். போட்டோஷாப்பில் இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருவில் அடித்துப் படமாக ஏற்றுமதி செய்கிறார்கள். அதை யூனிகோடாக மாற்றி வெப் ஃபான்ட்டில் போட்டால் அழகு போய்விடும் என்று பயம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று அறிவித்துவிட்டது.

உங்கள் படிவத்தில் சமூகத் தாக்கம் என்று ஒரு பகுதி இருந்தால், கடந்த வருடம் கொடுத்த தளங்களில் எத்தனை ஸ்க்ரீன் ரீடரில் கடைசி வரை ஓடுகின்றன என்ற எண்ணைப் போடுங்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் டபிள்யூசிஏஜி விதிகளுக்கான சோதனைக் கருவி காட்டும் மதிப்பெண் வேண்டாம். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், "பேனர் ஃபைனல் டூ" என்பதையும் விளக்கமாக ஏற்றுக்கொண்டுவிடும். ஒரு ஆளை உட்கார வைத்து, ஒரு பொருளை வாங்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குக் கூலி கொடுத்தும் பாருங்கள்.

பிக்சல் பாண்டி · புதன், காலை 8:30

சார், இது நெத்தியடி. அந்தப் பேனர் 400 கேபி இருக்கும். அதே வாசகம் யூனிகோடில், தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் என்றாலும், 1 கேபியைத் தாண்டாது. எடையும் குறைகிறது, உங்களுக்கும் கேட்கிறது. இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டியதுதான்.

மயிலாப்பூர் லெட்ஜர் · புதன், காலை 9:10

ஆடிட்டர் பக்கத்திலிருந்து சிலது.

ஒன்று, சட்டப்படி உங்களுக்கு இதில் எதையும் அறிக்கையாக வெளியிடும் கட்டாயம் கிடையாது. செபியின் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை 2022-23 முதல் பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்கு. கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சொல்லும் 2 சதவீத சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புச் செலவு, நிகர லாபம் 5 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்டவர்களுக்கு. ஆனால் பெரியவர்களுக்குக் கேள்வி வந்தால் அவர்கள் சப்ளையரைக் கேட்பார்கள். உங்களுக்கு வந்திருக்கும் படிவமும் அந்த வழியில் வந்ததுதான்.

ஐரோப்பாவில் சின்ன நிறுவனங்களுக்காகவே விஎஸ்எம்இ என்று ஒரு தன்னார்வ வடிவம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது. அடிப்படைப் பகுதியில் பி1 முதல் பி11 வரை பதினோரு தலைப்புதான். அதில் ஒரு முறை நிரப்பி வைத்துக்கொண்டால் அடுத்த கிளையண்ட் வேறு படிவம் அனுப்பினாலும் இதையே நீட்டலாம். இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டியிருக்கும்.

சமூகப் பகுதியில் மழுப்பாமல் எழுதக்கூடியவை உங்கள் டேலியிலேயே இருக்கின்றன. ஃப்ரீலான்ஸருக்கு இன்வாய்ஸ் வந்த தேதி, பணம் போன தேதி. இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் என்று ஒரு நெடுவரிசை போடுங்கள், சராசரி வேண்டாம், ஆக அதிகமான பத்தைப் பாருங்கள். உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டக் கூடாது என்பது 2006 எம்எஸ்எம்இ சட்டம். தாண்டினால் பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். எழுத்தாளர், போட்டோகிராஃபர், வாய்ஸ் ஓவர் செய்பவர், இவர்கள் நிறையப் பேருக்கு உத்யம் பதிவு இல்லை. அவர்களுக்கும் அதே 45 நாளை வைத்துப் பாருங்கள். அந்த நெடுவரிசையைப் பார்த்தால் ஒரு ஏஜென்சியின் குணம் தெரிந்துவிடும், சுவரில் ஒட்டியிருக்கும் வேல்யூஸ் போஸ்டரில் தெரியாது.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்கள் காண்ட்ராக்டரிடம் இருப்பார்கள். பிஎஃப், இஎஸ்ஐ கட்டிய சலானை ஒவ்வொரு மாதமும் வாங்கிப் பாருங்கள். உங்கள் ஆபீஸைப் பெருக்குகிறவர் உங்கள் ஊழியர் கணக்கில் வராமல், சம்பள இடைவெளி கணக்கிலும் வராமல் போவது வழக்கம்.

பத்து பேருக்கு மேல் இருப்பதால் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம், அது 2013 சட்டம். குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெரு · புதன், காலை 11:20

பழைய லேப்டாப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஓடுகிற மெஷினை ரீசைக்ளிங்குக்கு அனுப்பாதீர்கள். ரேம் போட்டு, எஸ்எஸ்டி மாற்றினால் இன்னும் மூன்று வருஷம் ஓடும். டிஸ்கை முழுசாக அழித்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டர் விற்கும் எங்களிடமே கொடுங்கள், மாணவர்கள் வாங்கிப் போவார்கள். நிஜமாகவே செத்தது மட்டும் அனுமதி பெற்ற ரீசைக்ளருக்கு. 2023 ஏப்ரல் முதல் புது மின் கழிவு விதிகள் நடப்பில் இருக்கின்றன, கொடுத்ததற்குச் சீட்டு வாங்கி வையுங்கள். எடைக்குப் போட்டால் சர்க்யூட் போர்டை எங்கேயாவது ஒரு சந்தில் எரித்துச் செம்பு எடுப்பார்கள். யூபிஎஸ் பேட்டரிக்குக் கடையிலேயே எக்ஸ்சேஞ்ச் உண்டு, அதற்கும் சீட்டு கேளுங்கள்.

இரண்டாம் ஷிஃப்ட் · புதன், இரவு 11:48

எல்லாவற்றையும் படித்தேன். எல்லாம் சரியான கணக்கு. ஆனால் யானையை விட்டுவிட்டு அதன் கால் தடத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

நான் முன்பு இருந்த ஏஜென்சி, பெயர் வேண்டாம். ஸ்டீல் பாட்டில், மூங்கில் பிரஷ், மோஷன் சென்சார் லைட் எல்லாம் உண்டு. பேப்பர் கப் கூடக் கிடையாது. எங்கள் டீமில் பாதிப் பேர் ஓட்டியது ஆன்லைன் ரம்மி விளம்பரம். என் வேலை டார்கெட்டிங். சம்பளம் வரும் வாரம், இரவு பத்து மணிக்கு மேல், சின்ன ஊர்கள், 22-லிருந்து 35 வயது ஆண்கள். ஏற்கெனவே ஆடி விட்டுவிட்டுப் போனவர்களைத் திரும்ப இழுக்கத் தனி பட்ஜெட். "வெல்கம் பேக் போனஸ்" என்று தமிழில் வாசகம் எழுதிக் கொடுக்க ஒரு ஆள். அந்த வருடங்களில்தான் தமிழ்நாட்டில் ரம்மியில் பணம் போய் உயிரை விட்டவர்கள் பற்றி வாரம் தவறாமல் செய்தி வந்துகொண்டிருந்தது. 2022-இல் ஆன்லைன் ரம்மியை ஆராய நீதிபதி சந்துரு குழு, அப்புறம் மாநிலச் சட்டம், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதில் ரம்மிக்கும் போக்கருக்கும் விலக்கு கொடுத்தது, கடைசியில் 2025 ஆகஸ்ட்டில் மத்தியச் சட்டம் வந்து பணம் கட்டி ஆடும் ஆட்டத்தையும் அதன் விளம்பரத்தையும் சேர்த்துத் தடை செய்தது. அதுவரைக்கும் எங்கள் நிறுவனம் எந்தப் படிவத்தை நிரப்பியிருந்தாலும் நல்ல மதிப்பெண்தான் வந்திருக்கும். யூனிட் குறைவு, பெண்கள் அதிகம், காகிதம் மிச்சம்.

ஒரு ஏஜென்சி விற்பது அடுத்தவரின் நடத்தையில் மாற்றத்தை. அதற்குத்தானே கிளையண்ட் காசு கொடுக்கிறார்? அப்போ தாக்கமும் அங்கேதான் இருக்கிறது. வருமானத்தை எதிலிருந்து எவ்வளவு என்று ஒரு அட்டவணை போடாமல் மற்ற எல்லாவற்றையும் போட்டால் அது கணக்கே இல்லை.

சும்மா_இருந்தவன் · வியாழன், காலை 8:40

கேலி செய்ய வந்தேன், இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளையண்ட் செய்வதற்கெல்லாம் ஏஜென்சி பொறுப்பு என்றால், ரம்மி கம்பெனிக்கு டீ சப்ளை செய்தவரும் பொறுப்பா? எங்கே கோடு போடுவீர்கள்?

இரண்டாம் ஷிஃப்ட் · வியாழன், காலை 9:05

டீக்கடைக்காரர் டீ ஊற்றினால் ரம்மி ஆடுகிறவர் எண்ணிக்கை கூடாது. நான் வேலை செய்தால் கூடும். கூடியது என்று டேஷ்போர்டில் காட்டித்தான் எங்களுக்கு இன்சென்டிவ். ஒரு ஆளை உள்ளே இழுக்க எத்தனை ரூபாய் ஆனது என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருந்த தொழில் இது. தாக்கத்தை அளக்க முடியாது என்று நாம் சொல்லக் கூடாது பாஸ்.

அடையாறு ஆலமரம் · வியாழன், காலை 9:50

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். வெளிநாட்டில் விளம்பரத் துறையில் இந்தப் பேச்சு சில வருடங்களாக நடக்கிறது. விளம்பரத்தால் கூடுதலாக விற்ற பொருளின் உமிழ்வையும் ஏஜென்சி கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு சாரார். நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களுக்கு வேலை செய்ய மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்த ஏஜென்சிகள் உண்டு. விற்பனைக் கூடுதலை டன்னாக மாற்றும் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு, அனுமானத்தின் மேல் அனுமானம். ஆனால் வருமானப் பட்டியலுக்கு எந்த அனுமானமும் தேவையில்லை. இன்வாய்ஸ் போதும்.

பசுமை என்று சொல்லிக்கொள்ளும் கிளையண்டுகளையும் அதே பட்டியலில் வைத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போலிப் பசுமை விளம்பரத்துக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஆதாரம் இல்லாமல் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று எழுதினால் விளம்பர ஏஜென்சிக்கும் அது பொருந்தும்.

கத்திப்பாரா · வியாழன், மாலை 5:30

எல்லோருக்கும் நன்றி. இதுவரை ஆனது: ஈபி, டீசல், லாரி நோட்டு, ஏசி கேஸ் பில் எல்லாம் சேர்ந்துவிட்டது. டிரைவர் சொன்னபடி தண்ணீர் திருப்போரூர் பக்கத்துக் கிணறு. அதையும் எழுதிவிட்டேன். ஃப்ரீலான்ஸர் நெடுவரிசையை அக்கவுன்ட்ஸ் அண்ணன் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு எம்.டி. கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் நிலுவையில் இருந்த எல்லாவற்றையும் வெள்ளிக்குள் போடச் சொல்லிவிட்டார்.

வருமான அட்டவணையில்தான் தகராறு. "கிளையண்ட் பேரெல்லாம் ஜெர்மன்காரனுக்கு எதுக்கு, வெளியே சொல்ல மாட்டோம்னு என்டிஏ இருக்கு" என்கிறார்.

மயிலாப்பூர் லெட்ஜர் · வியாழன், மாலை 6:02

பெயரே வேண்டாம், சதவீதம் போதும். மூன்று வரிசை போடுங்கள். முதலாவது, பள்ளி, மருத்துவம், பொதுச் சேவை மாதிரி, எங்கள் வேலையால் யாருக்கோ நல்லது என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடியவை. இரண்டாவது, சாதாரண வியாபாரம், ஜவுளிக்கடை, ஃபர்னிச்சர், சாஃப்ட்வேர். பெரும்பங்கு இங்கேதான் விழும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூன்றாவது, விற்பனை கூடினால் வாங்குகிறவருக்குக் கெடுதல் கூடும் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடியவை. எந்த வேலை எந்த வரிசை என்று முடிவு செய்வதை எம்.டி.யிடம் மட்டும் விடாதீர்கள், அந்த வேலையைச் செய்யும் டீமில் இருவரை உட்கார வையுங்கள்.

கத்திப்பாரா · வியாழன், இரவு 7:20

நல்ல யோசனை சார். பட்டியல் போட்டதில் ஒன்றே ஒன்று இழுத்தடிக்கிறது. ஒரு கடன் ஆப். விளம்பரம் ஓட்டும் பெர்ஃபார்மன்ஸ் டீம் இரண்டாவது வரிசை என்கிறது, கன்டென்ட் டீம் மூன்றாவது என்கிறது.

இரண்டாம் ஷிஃப்ட் · வியாழன், இரவு 7:41

ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியலைத் தளத்தில் வைத்திருக்கிறது. முதலில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அட்டவணையே வேண்டாம், வேலையை விட்டுவிடுங்கள். இருந்தால், நீங்கள் ஓட்டும் விளம்பரத்தைத் திறந்து வருட வட்டி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். வாங்குகிற முடிவை எடுக்கும் இடத்தில் அந்த எண் இல்லையென்றால் அது மூன்றாவது வரிசை.

கத்திப்பாரா · வியாழன், இரவு 8:15

பட்டியலில் இருக்கிறது. விளம்பரத்தில் "ஐந்தே நிமிடத்தில் பணம்" என்பது பாதித் திரைக்கு இருக்கிறது, வட்டி எங்கேயும் இல்லை. மூன்றாவது வரிசையில் போட்டுவிட்டேன், மொத்த வருமானத்தில் 11 சதவீதம் வருகிறது. வட்டியைப் பெரிய எழுத்தில் சேர்த்து ஒரு பதிப்பு எழுதித் தரச் சொல்லிக் கன்டென்ட் டீமிடம் கொடுத்திருக்கிறேன், நாளை காலை அதோடு எம்.டி.யைப் பார்க்கிறேன். கிளையண்ட் ஒத்துக்கொண்டால் அடுத்த வருடம் வரிசை மாறும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த 11 சதவீதத்தை என்ன செய்வது என்று நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.